ஆலா எங்க போகுது, ஆல்பட்ராஸ் எங்க சாவுது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஆர்க்டிக் ஆலா பத்தி சின்னதா ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். கிரீன்லாந்துல குஞ்சு பொரிச்சுட்டு அண்டார்டிகா கடல் வரைக்கும் போயிட்டு மறுபடியும் கிரீன்லாந்துக்கே திரும்பி வர்ற பறவை, வருஷத்துக்கு 70,900 கிலோமீட்டர்னு. அவ்வளவுதான் எழுதினோம். அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப்பும் பாத்தா ஒரு மாசத்துக்குத் தாங்கும், அதனால இந்தத் தடவை மத்த கேள்விகளை ஒதுக்கி வச்சுட்டு கடற்பறவைக் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

கேள்வி: அந்த 70,900 கிலோமீட்டரை யாரு கூடவே போய் அளந்தாங்க? நடுக்கடல்ல செல்போன் டவர் கூட கிடையாதே. – ப்ளஸ் டூ மாணவி, நாகப்பட்டினம்

கூட யாரும் போகலம்மா, பறவையே அளந்துட்டு வந்துச்சு. ஜியோலொகேட்டர்னு ஒரு குட்டிக் கருவி, எடை 1.4 கிராம், நம்ம ஒத்த ரூபா காசுல பாதி கூட வராது, அதைக் கால் வளையத்தோட சேத்து மாட்டி விட்டுருவாங்க. அதுல ஜிபிஎஸ் கிடையாது, சிம் கிடையாது, ஆன்டெனாவும் கிடையாது. ஒரு கடிகாரம், வெளிச்சத்தை உணர்ற ஒரு சென்சார், கொஞ்சம் மெமரி, ஒரு பேட்டரி, அவ்வளவுதான். எப்ப வெளிச்சம் வந்துச்சு எப்ப இருட்டுச்சுன்னு குறிச்சுக்கிட்டே இருக்கும், வேற வேலை அதுக்கு இல்ல.

உங்க வீட்டு டெய்லி காலண்டர்ல சூரிய உதயம் இத்தனை மணிக்குன்னு போட்டிருக்கும் பாருங்க, அந்த நேரம் ஊருக்கு ஊரு மாறும், மாசத்துக்கு மாசமும் மாறும். பகல் எவ்வளவு நீளம்னு தெரிஞ்சா பறவை பூமத்திய ரேகைக்கு எவ்வளவு வடக்க, எவ்வளவு தெற்க இருக்குன்னு கணக்குப் போட்டுரலாம், உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு வருதுன்னு தெரிஞ்சா கிழக்க மேற்க எங்கன்னு கணக்குப் போட்டுரலாம். தப்பும் வரும், 180, 200 கிலோமீட்டர் அங்க இங்க காட்டும், அதுலயும் மார்ச் 21, செப்டம்பர் 23 ஒட்டின நாள்ல உலகம் பூரா பகலும் ராத்திரியும் சமமா ஆயிடுறதால வடக்கு தெற்கு கணக்கு சுத்தமா உதைக்கும். ஆனா அட்லாண்டிக் மாதிரி ஒரு கடல்ல 200 கிலோமீட்டர் தப்பு பெரிய தப்பு இல்ல.

கஷ்டம் எங்கன்னா, இந்தக் கருவி எதையும் அனுப்பாது, தனக்குள்ளயே வச்சுக்கும். அதே பறவையை அடுத்த வருஷம் திரும்பப் பிடிச்சாத்தான் உண்டு. உலகத்தை ஒரு சுத்து சுத்திட்டு வர்ற பறவையை எங்க போய்ப் பிடிக்கிறது? அதே தீவுல, போன வருஷம் கூடு வச்ச அதே பக்கத்துல போய் நின்னாப் போதும், வந்துரும். 2007ல கிரீன்லாந்துலயும் ஐஸ்லாந்துலயும் மாட்டி விட்டதுல 11 பறவையோட பதிவு முழுசாக் கிடைச்சுது, 2010ல வெளியிட்டாங்க. யாரும் நினைச்சுப் பாக்காத ஒண்ணு அதுல தெரிஞ்சுது. தெற்க போறப்ப நடு வட அட்லாண்டிக்ல கரையே இல்லாத ஒரு எடத்துல எல்லாப் பறவையும் ஒரு மாசம் கிட்ட தங்கி நல்லா சாப்பிட்டுட்டு அப்புறம்தான் கிளம்பியிருக்கு. போறதுக்கு சுமார் 93 நாள், திரும்பி வர்றதுக்கு வெறும் 40 நாள், ஏன்னா திரும்பும்போது நேர்கோட்டுல வராம காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அதோடயே வளைஞ்சு வளைஞ்சு வருது. 100 கிராம் சுமார் எடை இருக்கிற பறவை. 30 வருஷம் கிட்ட வாழும். அத்தனை வருஷத்துக் கணக்கையும் கூட்டினா நிலாவுக்கு மூணு தடவை போயிட்டு வந்த தூரம் ஆகுது.

கேள்வி: வாயில்லா ஜீவனைப் பிடிச்சு கால்ல முதுகுல எதையாவது கட்டி விடுறது கொடுமை இல்லையா? நாம தெரிஞ்சுக்கணும்கிறதுக்காக அதுங்க கஷ்டப்படணுமா? – ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்

நியாயமான கேள்விம்மா, இந்த வேலை செய்றவங்களே தினம் தங்களைக் கேட்டுக்கிற கேள்வி. கடற்பறவைங்க மேல மாட்டுற கருவி பறவையோட எடையில நூத்துக்கு 3 பங்குக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, இப்ப அதையும் கம்மி பண்ணணும்னு பேச்சு இருக்கு, ஏன்னா சில வகைப் பறவைங்களுக்கு அந்த எடையே தொந்தரவு கொடுக்குதுன்னு ஆராய்ச்சியில தெரிஞ்சிருக்கு. 1989ல இந்தியப் பெருங்கடலோட தெற்குக் கோடியில இருக்கிற குரோஸே தீவுகள்ல பிரெஞ்சு விஞ்ஞானிங்க வாண்டரிங் ஆல்பட்ராஸ்ங்கிற பெரிய கடற்பறவை மேல முதமுதல்ல சாட்டிலைட் கருவி மாட்டுனப்போ அது 180 கிராம். பறவையே எட்டு பத்து கிலோ இருக்கும்கிறதால தாங்குச்சு. அதே 180 கிராமை ஆலா மேல வைக்கவே முடியாது, அதனாலதான் சின்னப் பறவைங்க எங்க போகுதுன்னு தெரியறதுக்கு இன்னும் இருபது வருஷம் ஆச்சு. இப்ப நிறைய கருவிங்களை இறகுலயே டேப் போட்டு ஒட்டிடுறாங்க, இறகு உதிரும்போது கருவியும் தானா விழுந்துரும்.

நான் ஒரு தடவை கோடியக்கரையில விடியக்காலையில ஒருத்தர் பறவைங்க கால்ல நம்பர் வளையம் போடுறதைப் பக்கத்துல நின்னு பாத்தேன். வந்தது சின்ன உள்ளான் ஒண்ணு. ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல கழுத்து வர்ற மாதிரி, முதுகு உள்ளங்கையில படுற மாதிரி பிடிச்சிருந்தார், இறுக்கவே இல்ல. அலுமினிய வளையத்தை கால்ல வச்சு இடுக்கியால ஒரே அழுத்து, அப்புறம் நகத்தால அதை மேல தள்ளி கீழ தள்ளி, சுத்தி விட்டுப் பாத்தார், எங்கயாவது முனை உரசுதான்னு. றெக்கையை ஸ்கேல்ல வச்சு அளந்து, துணிப்பையில போட்டு எடை பாத்து, நோட்டுல எழுதி முடிச்சதும் உள்ளங்கையை விரிச்சார். அது உடனே பறக்கல, ரெண்டு செகண்ட் கையிலயே நின்னு அப்புறம்தான் உப்பளத்துப் பக்கம் போச்சு. பக்கத்துல நின்ன எனக்கு அதோட நெஞ்சு துடிக்கிறது கண்ணுக்குத் தெரிஞ்சுது. பயம் இருக்கத்தான் செய்யும், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த சில நிமிஷ பயத்துல கிடைச்ச தகவலை வச்சு எத்தனை பறவை உயிரோட இருக்குன்னு கீழ ஒரு பதில்ல எழுதியிருக்கேன், அதைப் படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

கேள்வி: மாசக்கணக்குல கடல் மேலயே இருந்தா எங்க தூங்கும்? – திருச்சி

நிறைய பறவைங்க தண்ணி மேல மிதந்துக்கிட்டே தூங்கும். ஃப்ரிகேட் பறவைக்கு அதுவும் முடியாது, ஏன்னா அதோட இறகுல தண்ணி ஒட்டும், கடல்ல உக்காந்தா நனைஞ்சு போயி எந்திரிக்க முடியாது. காலாபகோஸ் தீவுல அந்தப் பறவைங்க தலையில மூளையோட அலையைப் பதிவு பண்ற கருவி வச்சுப் பாத்தாங்க, 2016ல முடிவு வந்துச்சு. பறந்துக்கிட்டே தூங்குது, சில நேரம் மூளையில பாதி மட்டும் தூங்குது, சில நேரம் முழு மூளையும் தூங்குது, எல்லாம் சில செகண்டு சில செகண்டா. மொத்தமா கூட்டினா ஒரு நாளைக்கு 42 நிமிஷம்தான். அதே பறவை கரைக்கு வந்துட்டா 12 மணி நேரத்துக்கு மேல தூங்குது.

கேள்வி: குடிக்கத் தண்ணி? – அதே திருச்சி வாசகர்

கடல் தண்ணிதான். கண்ணுக்கு மேல உப்பை மட்டும் பிரிச்சு எடுக்கிற ஒரு சுரப்பி இருக்கு, அது ரத்தத்துல இருக்கிற அதிக உப்பை வடிச்சு மூக்கு வழியா வெளிய விட்டுரும். ஆல்பட்ராஸ் படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க, அலகு நுனியில ஒரு சொட்டு தொங்கிக்கிட்டு இருந்தா அது அந்த உப்புத்தண்ணிதான்.

கேள்வி: சார், நாங்க தூத்தூர் பக்கம். ஆழ்கடல்ல ஆயிரங்கால் தூண்டில் போட்டு சூரையும் சுறாவும் பிடிக்கிறவங்க. தூண்டிலால லட்சக்கணக்குல பறவை சாவுதுன்னு டிவியில சொன்னாங்க. எங்களைச் சொல்றாங்களா? – ஒரு மீனவர், கன்னியாகுமரி மாவட்டம்

இல்லண்ணே, அவங்க முக்கியமா சொல்றது உங்க கடலை இல்ல. ஆல்பட்ராஸ் நம்ம பக்கம் வராது. அதுக்கு எப்பவும் வேகமா அடிக்கிற காத்து வேணும், அந்தக் காத்து முக்கியமா பூமத்திய ரேகைக்கு ரொம்ப தெற்க, ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கீழ இருக்கிற கடல்ல இருக்கு. அங்க போற பெரிய கப்பலுங்க ஒரே தடவைக்கு 100 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூட கயிறு விடும், ஆயிரக்கணக்குல தூண்டில் முள்ளு.

சாவு எப்படி நடக்குதுன்னா, இது உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். கப்பலோட பின்பக்கத்துல இருந்து இரை கோத்த முள்ளு தண்ணியில விழுது, விழுந்ததும் உடனே முங்காது, கொஞ்ச நேரம் மேலயே மிதந்துக்கிட்டு வரும். அந்தக் கொஞ்ச நேரத்துல பறவை வந்து முழுங்கிடுது. முள்ளு தொண்டையில மாட்டிக்கும், கயிறு கனத்துல கீழ போகும், பறவையும் கூடவே முங்கிச் செத்துரும். 2011ல போட்ட கணக்குப்படி உலகம் பூரா இப்படி வருஷத்துக்கு குறைஞ்சது 1,60,000 பறவை, 3,20,000 வரைக்கும் கூட இருக்கலாம். அதுலயும் வாண்டரிங் ஆல்பட்ராஸ் பத்து வயசு ஒட்டித்தான் முதமுதல்ல முட்டை வைக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரே முட்டை, அப்பா அம்மா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இரை கொண்டு வந்தாத்தான் குஞ்சு பிழைக்கும். முள்ளுல ஒண்ணு மாட்டினா தீவுல குஞ்சும் பட்டினியில போச்சுன்னு அர்த்தம்.

இதுக்கு முதல்ல வழி கண்டுபிடிச்சதும் மீனவங்கதான், ஜப்பான் சூரைக் கப்பல்காரங்க. பறவை இரையைத் தின்னுட்டுப் போனா நஷ்டம் அவங்களுக்கும்தானே. கப்பலோட பின்னாடி உயரமா ஒரு கம்பம் நட்டு அதுல இருந்து 100, 150 மீட்டர் நீளத்துக்கு ஒரு கயிறு, கயிறு பூரா அங்கங்க பளிச்சுன்னு கலர் நாடா தொங்கும், கயிறோட கடைசியில ஒரு மிதவை இழுபட்டுக்கிட்டே வரும், அதனால கயிறு விறைப்பா நிக்கும். காத்துல நாடா படபடன்னு ஆடுறதைப் பாத்து பறவை கிட்ட வராது, முள்ளு முங்கிரும். இதை தோரி கயிறுன்னு சொல்றாங்க, தோரின்னா ஜப்பான் மொழியில பறவை. கூடவே ராத்திரியில மட்டும் தூண்டில் விடுறது, சீக்கிரம் முங்குற மாதிரி கயித்துல ஈயம் கட்டுறது. இந்த மூணுல ரெண்டையாவது செஞ்சே ஆகணும்னு இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம் 2012ல விதி போட்டுச்சு, பூமத்திய ரேகைக்குத் தெற்க 25 டிகிரியைத் தாண்டிப் போற தூண்டில் கப்பல் எல்லாத்துக்கும்.

உங்களுக்குத் தெரிஞ்சதுதான், ஆலா கூட்டம் அடிக்கிற எடத்துல கீழ சூரை இருக்கும்னு பாத்துத்தான் நம்ம ஆளுங்க போட்டைத் திருப்புறது. மீனைக் காட்டிக் கொடுக்கிற பறவை அது, நமக்கு அதுமேல ஒரு கடன் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி: பறவை எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டதால இதுவரைக்கும் ஒரு பறவையாவது பிழைச்சிருக்கா? நேரா கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. – பொறியாளர், ஓசூர்

நேரா கேட்டதுக்கு நன்றி, நேராவே சொல்றேன், பிழைச்சிருக்கு, ஒண்ணு ரெண்டு இல்ல.

1990 வரைக்கும் ஆல்பட்ராஸ் குறையுதுன்னு தெரியும், தீவுல கூடு எண்ணிக்கிட்டு இருந்தவங்களுக்கு வருஷா வருஷம் எண்ணிக்கை இறங்குறது கண்ணுக்கு முன்னாடி தெரியுது, ஆனா எங்க போய் சாவுதுன்னு தெரியாது. தீவுல ஒரு பொணம் கூட கிடையாது. சாட்டிலைட் கருவி மாட்டினப்புறம்தான் ஒரே ஒரு இரை தேடுற பயணத்துல 3,600ல இருந்து 15,000 கிலோமீட்டர் வரைக்கும் போகுதுன்னு தெரிஞ்சுது. அப்புறம் இன்னொண்ணு தெரிஞ்சுது, குரோஸே தீவுல பொட்டைப் பறவை வடக்க, கொஞ்சம் வெதுவெதுப்பான கடல் பக்கம் போகுது, ஆண் பறவை குளிர்கடல் பக்கமே நிக்குது. சூரைக்கு ஆயிரங்கால் தூண்டில் போடுற கப்பலும் அந்த வெதுவெதுப்பான கடல்லதான் நிக்குது. பொட்டைப் பறவை ஏன் அதிகமா காணாமப் போகுதுங்கிற புதிருக்கு விடை அந்த மேப்ல இருந்துச்சு. எங்கங்கிறது தெரிஞ்சப்புறம்தான் எந்தக் கப்பல், எந்த மாசம், எந்த நாட்டுக்காரன்கிட்ட போய்ப் பேசணும்னு தெரியும்.

நமீபியாவைப் பாருங்க. ஆப்பிரிக்காவோட தென்மேற்குக் கரை, உலகத்துல பறவைக்கு ரொம்ப மோசமான மீன்பிடி எடங்கள்ல ஒண்ணா இருந்துச்சு. பறவைப் பாதுகாப்புக்காரங்க சும்மா அறிக்கை விடாம கப்பல்லயே ஏறி, மாசக்கணக்குல மீனவங்களோட கூடவே இருந்து, தோரி கயிறு கட்டிக் காட்டினாங்க. 2015ல அரசாங்கமே சட்டமாக்கிச்சு. 2009ல அங்க தூண்டில்ல செத்தது கணக்குப்படி 22,222 பறவை, 2018ல 215. நூத்துக்கு 98 பங்குக்கு மேல குறைஞ்சு போச்சு. அந்தக் கயிறுங்களை வால்விஸ் பே ஊர்ல ஒரு பெண்கள் குழு கையாலயே செஞ்சு கப்பலுக்கு விக்குது, அதுல அவங்களுக்கு ஒரு வருமானமும் ஆச்சு. நான் இந்தக் கணக்கை முதல்ல படிச்சப்போ எங்கயோ ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சோன்னு ரெண்டு தடவை திரும்பப் படிச்சேன்.

இன்னொரு உதாரணம் வட அட்லாண்டிக். 56 எடங்கள்ல கூடு வைக்கிற 21 வகைப் பறவைங்களோட வழித்தடத்தை ஒரே மேப்ல போட்டுப் பாத்தா, எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்லாத நடுக்கடல்ல ஒரு எடத்துல கோடு எல்லாம் வந்து குவியுது. 50 லட்சம் வரைக்கும் பறவைங்க அந்த எடத்தைப் பயன்படுத்துதுன்னு கணக்கு. மேல சொன்ன ஆர்க்டிக் ஆலா ஒரு மாசம் தங்குச்சுன்னு சொன்னேன்ல, அதே கடல் பகுதிதான். 2021ல அதைப் பாதுகாக்கப்பட்ட கடல்னு அறிவிச்சாங்க, கிட்டத்தட்ட 6 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டை மாதிரி நாலரை மடங்கு. அறிவிப்பு மட்டும் போதாது, அங்க கப்பலும் மீன்பிடியும் எப்படி இருக்கணும்கிறது இன்னும் முழுசா வரணும், ஆனா மேப் இல்லாம அந்த முதல் படியே கிடையாது. நடுக்கடலுக்குன்னு ஐ.நா.வுல 2023ல ஒரு ஒப்பந்தம் வந்துச்சு, 60 நாடு அதை உறுதி செஞ்சா அமலுக்கு வரும்னு இருந்துச்சு, 2025 செப்டம்பர்ல அந்த 60 ஆயிருச்சு. அதுல எந்த எடத்தைக் காப்பாத்தணும்னு பேச்சு வரும்போது இந்தப் பறவைங்க போட்ட கோடுதான் கையில இருக்கிற நல்ல ஆதாரம்.

கேள்வி: பறவையை வச்சு திருட்டுக் கப்பலைக் கண்டுபிடிக்கிறாங்கன்னு ஒரு வீடியோ வந்துச்சு, நெசமா? – மதுரை

நெசம்தான். பெரிய கப்பல்ல ஏஐஎஸ்னு ஒண்ணு இருக்கும், நான் இங்க இருக்கேன்னு எல்லாருக்கும் சொல்லிக்கிட்டே இருக்கும். திருட்டு மீன்பிடிக்காரன் அதை அணைச்சு வச்சுருவான். ஆனா ரேடாரை அணைக்க மாட்டான், அணைச்சா ராத்திரியில அவனே எதுலயாவது போய் முட்டுவான். ஆல்பட்ராஸுக்குக் கப்பலைக் கண்டா கிட்ட போற பழக்கம். அதனால ரேடார் அலையை உணர்ற கருவியை 169 ஆல்பட்ராஸ் மேல மாட்டினாங்க, 2018 கடைசியில இருந்து 2019 நடு வரைக்கும், குரோஸே, கெர்கெலன், ஆம்ஸ்டர்டாம் தீவுகள்ல, எல்லாம் நம்ம இந்தியப் பெருங்கடலோட தெற்குக் கோடி. பறவைங்க 353 கப்பல் கிட்ட போச்சு. அதுல நூத்துக்கு 28க்கு மேல ஏஐஎஸ் போடாத கப்பல். யாருக்கும் சொந்தம் இல்லாத வெளிக்கடல்ல மட்டும் பாத்தா நூத்துக்கு 37. எந்த முள்ளுல மாட்டிச் சாவுதோ அந்தக் கப்பலையே அந்தப் பறவை காட்டிக் கொடுக்குது, எனக்கு அதை நினைச்சா மனசு என்னமோ பண்ணுது.

கேள்வி: மீன்பிடிதான் காரணம்னு எல்லாத்தையும் மீனவன் தலையிலயே போடுறீங்களா? – தூத்துக்குடி

கிடையாது. எலியும் சுண்டெலியும் அதே அளவு காரணம், சொல்லப்போனா சில தீவுல அதைவிட அதிகம். 1800கள்ல சீல் வேட்டைக்குப் போன கப்பலுங்க மரியன் தீவுல சுண்டெலியை இறக்கி விட்டுருச்சு. அது இந்தியப் பெருங்கடலோட தெற்கு மூலை, தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தம், உலகத்து வாண்டரிங் ஆல்பட்ராஸ்ல கால்வாசி அங்கதான் கூடு வைக்குது. ராத்திரியில சுண்டெலி குஞ்சு மேல ஏறி உயிரோட கடிச்சுத் தின்னுது. குஞ்சு நகராம அப்படியே உக்காந்திருக்கும், ஏன்னா தரையில எதிரியே இல்லாத தீவுல லட்சக்கணக்கான வருஷம் வாழ்ந்த இனம், ஓடணும்னே அதுக்குத் தெரியாது. 2023ல வளந்த பறவையையே கொன்னதைப் பாத்தாங்க. எலியை ஒழிச்சுக் காட்டின எடமும் இருக்கு, தென் அட்லாண்டிக்ல சவுத் ஜார்ஜியாங்கிற தீவுல ஹெலிகாப்டர்ல 300 டன் கிட்ட மருந்து தூவி, 2018ல எலி இல்லாத தீவுன்னு அறிவிச்சாங்க, பறவை திரும்ப வந்துச்சு. அதே கடல்ல காஃப் தீவுல 2021ல அதே மாதிரி செஞ்சாங்க, அந்த வருஷம் டிசம்பர்லயே ஒரு சுண்டெலி கேமராவுல தெரிஞ்சுது. அத்தனை பேரோட உழைப்பு. மரியன்ல இப்ப அதே வேலைக்குப் பணம் சேத்துக்கிட்டு இருக்காங்க.

கேள்வி: 11 நாள் நிக்காம பறந்த கடற்பறவை எது? போட்டித் தேர்வுக்குக் கேக்குறேன். – தேனி

பட்டைவால் மூக்கன். 2022 அக்டோபர்ல அலாஸ்காவுல இருந்து டாஸ்மேனியா வரைக்கும் 13,560 கிலோமீட்டர், அப்ப அதுக்கு வயசு அஞ்சு மாசம். ஆனா அது கடற்பறவை இல்ல, சேத்துல இரை தேடுற கரைப்பறவை, கடல் மேல உக்காந்து ஓய்வெடுக்க அதால முடியாது, அதனாலதான் ஒரே மூச்சுல பறந்துச்சு. தேர்வுல மாத்தி எழுதிராதீங்க.

கேள்வி: கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டாலும் வீட்டுக்கு வந்துருமாமே? – இல்லத்தரசி, சேலம்

வரும். வேல்ஸ் பக்கத்துல ஸ்கோக்ஹோம்னு ஒரு தீவு, அங்க பொந்துல கூடு வைக்கிற மாங்க்ஸ் ஷியர்வாட்டர் ஒண்ணை 1952 ஜூன்ல விமானத்துல அமெரிக்காவுல பாஸ்டனுக்குக் கொண்டுபோய் விட்டாங்க. கொண்டுபோனவர் ஒரு இசைக்கலைஞர், பாஸ்டன் சிம்பொனியில கிளாரினெட் வாசிச்சவர். பறவையை விட்டுட்டு, விட்டாச்சுன்னு தீவுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டார். 12 நாள் 12 மணி நேரத்துல பறவை அட்லாண்டிக்கைத் தாண்டி அதே பொந்துக்கு வந்துருச்சு. கடிதம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு.

வழி எப்படித் தெரியுதுன்னு கேட்டா, நிறைய சேந்து வேலை செய்யுது, அதுல மூக்கு முக்கியம். அசோர்ஸ் தீவுல 24 ஷியர்வாட்டரை 800 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடல்ல விட்டுப் பாத்தாங்க, 2013ல வெளிவந்த ஆராய்ச்சி. தலையில காந்தம் ஒட்டினதுங்க சரியா வீடு வந்துச்சு, வாசனை தெரியாம பண்ணினதுங்க தட்டுத் தடுமாறிப் போச்சு. நமக்கு ஒரே நீலமாத் தெரியற கடல் அதுக்கு வாசனையால தெருவும் சந்துமா பிரிஞ்சு இருக்கு போல.

கேள்வி: எல்லாம் வெளிநாட்டுக் கதையாவே இருக்கே, நம்ம கடல் வழியா எதுவும் போகலையா? – ராமநாதபுரம்

போகுதுங்க, நல்லாவே போகுது. மன்னார்ல கொழும்பு பல்கலைக்கழகமும் சீன அறிவியல் அகாடமியும் சேந்து 2021ல சில பெரிய கடற்காகங்களுக்கு ஜிபிஎஸ் கருவி மாட்டினாங்க. அதுல ஒண்ணுக்கு மேகான்னு பேரு. மன்னார்ல குளிர்காலத்தைக் கழிச்சுட்டு ரஷ்யாவோட ஆர்க்டிக் கரையில யமால் தீபகற்பம் வரைக்கும் போயி மறுபடியும் மன்னாருக்கே வந்துச்சு. தனுஷ்கோடியில நின்னு பாத்தா தலைக்கு மேல போற கூட்டத்துல அது மாதிரி ஒண்ணு இருக்கலாம், நாம எல்லாத்தையும் கடல் காக்கான்னு சொல்லிட்டுப் போயிடுறோம்.

தென்மேற்குப் பருவக்காத்து மாசத்துல கேரளா, இலங்கைப் பக்கம் ஆழ்கடல்ல கறுப்பா, இளஞ்சிவப்புக் காலோட ஒரு ஷியர்வாட்டர் வரும், அது முட்டை வைக்கிறது மேற்கு ஆஸ்திரேலியாவுல. ஆகஸ்டுல இருந்து அக்டோபர் வரைக்கும் இலங்கையோட மேற்குக் கரை ஒட்டி ஆலாக்கள் கூட்டம் கூட்டமா தெற்க போறது தெரிஞ்ச விஷயம். அப்புறம் உங்க ஊர்ப் பக்கமே ராமர் பாலம்னு சொல்ற தீடைகள் இருக்கே, அந்த மணல்ல ஆலாக்கள் முட்டை வைக்குது. கூடுன்னு ஒண்ணும் கிடையாது, மணலை நெஞ்சால லேசா குழி பண்ணி அதுல வச்சுரும், முட்டை மணல் கலர்ல புள்ளி புள்ளியா இருக்கும், ரெண்டு அடி தள்ளி நின்னாலும் கண்ணுக்குத் தெரியாது. கால் வச்சா போச்சு. நாய் ஒண்ணு ஒரு ராத்திரி போனா போதும், அந்த வருஷத்துக் குஞ்சே இல்லாம ஆயிடும். நாம போய் நிக்கிறதால தாய் எழுந்து பறந்தாலும் அந்த வெயில்ல முட்டை வெந்துரும். செல்ஃபிக்காக அங்க போகாதீங்கன்னு உங்க ஊர் பசங்ககிட்ட நீங்க சொன்னா கேப்பாங்க, நான் எழுதி யாரும் கேக்க மாட்டாங்க.

கேள்வி: புயல் முடிஞ்ச மறுநாள் எங்க தெருவுல ஒரு கறுப்புக் கடற்பறவை விழுந்து கிடந்துச்சு, தண்ணி ஊத்தினோம், செத்துப் போச்சு. கால்ல வளையம் இருந்தா என்ன பண்ணணும், இல்லைன்னா என்ன பண்ணணும்? – கடலூர்

வருத்தப்படாதீங்க, நல்ல மனசோடதான் செஞ்சீங்க. அடுத்த தடவை வாயில தண்ணி ஊத்த வேண்டாம், மூச்சுக்குழாய்ல போயிரும். துணியைப் போட்டு மெதுவா மூடி எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில வச்சு, இருட்டா, சத்தம் இல்லாத எடத்துல வையுங்க, வனத்துறைக்குப் போன் பண்ணுங்க. பாவம்னு அவசரப்பட்டு உடனே கடல்ல தூக்கிப் போடாதீங்க, புயல்ல தள்ளி வந்தது பறக்கத் தெம்பு இல்லாமதான் விழுந்திருக்கும். அலகுக்கு முன்னாடி முகத்தைக் கொண்டு போகாதீங்க, பறவைக் காய்ச்சல் இப்ப கடற்பறவைங்களையும் கூட்டம் கூட்டமா கொல்லுது, அதனால கையுறை இல்லாமத் தொட வேண்டாம்.

வளையம் இருந்தா, உயிரோட இருக்கிற பறவையில இருந்து அதைக் கழட்டவே கூடாது. எல்லாப் பக்கமும் திருப்பி போட்டோ எடுங்க, நம்பர் முழுசா தெரியணும், தேதியும் எடமும் எழுதிக்குங்க. நம்ம நாட்டு வளையத்துல பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்குத் தெரிவிக்கச் சொல்லி எழுத்து இருக்கும், 1927ல இருந்து அவங்க இந்த வேலை செய்றாங்க. வெளிநாட்டு வளையமா இருந்தாலும் அவங்களுக்கே அனுப்புங்க, சேர வேண்டிய எடத்துக்குச் சேரும். ஒரு நம்பர்தானேன்னு நினைச்சு விட்டுறாதீங்க. அடுத்த கேள்விக்கு வந்த பதிலே ஒரு நம்பர்தான்.

கேள்வி: உலகத்துலயே வயசான பறவை எது, அதோட வயசு எப்படித் தெரியும்? – ஆறாம் வகுப்பு மாணவன், புதுக்கோட்டை

தம்பி, காட்டுல வாழ்ற பறவைங்கள்ல நமக்குத் தெரிஞ்ச வரைக்கும் ரொம்ப வயசானது விஸ்டம்னு ஒரு லேசான் ஆல்பட்ராஸ், பசிபிக் கடல்ல மிட்வே தீவுல கூடு வைக்கும். 1956ல சாண்ட்லர் ராபின்ஸ்னு ஒரு விஞ்ஞானி அதுக்கு வளையம் போட்டார், அப்பவே முட்டை வச்சு உக்காந்திருந்துச்சு, அதனால குறைஞ்சது அஞ்சு வயசு இருக்கணும்னு கணக்கு. உப்புத் தண்ணியில வளையம் தேஞ்சு போகும்கிறதால வருஷங்கள் போகப் போக ஒவ்வொருத்தரா வந்து பழசைக் கழட்டி புதுசு போட்டுக்கிட்டே இருந்தாங்க. 2002ல அதே ராபின்ஸ் அதே தீவுக்குப் போய் நிறைய பறவைக்கு வளையம் மாத்தினார், அப்ப அவருக்கு 80 வயசு தாண்டியிருந்துச்சு. அப்புறமா பழைய நோட்டுகளை எடுத்து ஒவ்வொரு நம்பரா பின்னாடி தேடிக்கிட்டே போனப்பதான் தெரிஞ்சுது, அவர் கையில பிடிச்ச அந்தப் பறவைகள்ல ஒண்ணுக்கு 46 வருஷத்துக்கு முன்னாடி முதல் வளையம் போட்டதும் அவரேதான்னு. ராபின்ஸ் 2017ல இறந்துட்டார். விஸ்டம் 2024 கடைசியில, 74 வயசு சுமார் ஆனப்புறமும், மிட்வேக்கு வந்து ஒரு முட்டை வச்சுச்சு. இப்ப அதோட கால் வளைய நம்பர் இசட் 333, சிவப்பு வளையம், போட்டோவுல நல்லாத் தெரியும், தேடிப் பாருப்பா.